படப்பையில் ஒரு சர்வர்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம் வழியாக மேற்கே செல்லும் பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் படப்பை வரும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இப்பகுதி ஏரிகளால் ஆனது என்பதைக் கண்ணாரக் காண்பீர்கள். படப்பை, மணிமங்கலம், ஆதனூர், ஒரத்தூர் என ஊருக்கு ஊர் ஏரி. ஓர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியே வெளியேறி அடுத்த நீர்நிலைக்குப் போகும். அப்படி வடிந்து வடிந்து முடிவில் அடையாறாகச் சென்னை நகருக்குள் நுழையும்.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை இப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து, மக்களைப் படகுகளில் மீட்க வேண்டியதாயிற்று.

அந்த இரவில் மக்கள் கேட்ட கேள்விகள் எளியவை. எந்த ஏரி நிரம்பிவிட்டது? எந்தத் தெருவில் தண்ணீர்? தங்குவதற்கு எங்கே இடம்? ஒவ்வொரு கேள்விக்கும் யாரோ ஒருவரிடம் பதில் இருந்தது. ஏரிக்கரையில் நின்றவருக்கு ஏரியின் நிலை தெரியும். மாடி வீட்டுக்காரருக்குத் தம் வீட்டில் பத்துப் பேர் தங்கலாம் என்பது தெரியும். ஆனால் கேட்டவரும் பதில் உடையவரும் ஒருவரையொருவர் அறியவில்லை.

அவ்விருவரையும் சேர்த்து வைக்கச் சிலர் முயன்றார்கள். தங்க இடம் தருவோர் பட்டியலாகத் தொடங்கிய ஒரு பொது அட்டவணை, தன்னார்வலர்களின் கையில் 'சென்னைரெயின்ஸ்' என்ற இணையதளமாக வளர்ந்தது. இன்னொரு புறம், யாவரும் திருத்தக்கூடிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' வரைபடத்தின் மீது, நீரில் மூழ்கிய தெருக்களைப் பொதுமக்களே தொட்டுக் குறிக்கும் ஒரு வலைப்பயன்பாடு இயங்கியது. ஆயிரக்கணக்கான தெருக்கள் அதில் குறிக்கப்பட்டன. பெரிய நிறுவனம் டெண்டர் விட்டு ஆண்டுக்கணக்கில் கட்டியவை அல்ல இவை. நெருக்கடி நேரத்தில் சில மனிதர்கள் அவசரமாகச் செய்தவை.

ஒரு சிலர் சில நாட்களுக்குள் உலகம் முழுவதற்கும் பதில் சொல்லும் பொறியை அமைக்க முடிவது எப்படி? அதற்குப் பின்னால் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட சுவையான வரலாறு இருக்கிறது. அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சர்வர் என்பவர் யார்?

'சர்வர்' என்றதும் உங்களுக்கு ஓட்டலில் இட்லி கொண்டு வருபவர் நினைவுக்கு வரலாம். தவறில்லை, இணையத்தின் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. நீங்கள் உட்கார்ந்து, 'இரண்டு இட்லி' என்கிறீர்கள். அவர் உள்ளே போய் எடுத்து வருகிறார். இல்லையென்றால், 'இட்லி தீர்ந்துவிட்டது சார்' என்கிறார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

இணையத்தில் கேட்பவர், உங்கள் கைப்பேசியிலோ கம்ப்யூட்டரிலோ உள்ள பிரௌசர். கொண்டு வருபவர், எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஓயாமல் காத்திருக்கும் ஒரு செய்நிரல். இருவரும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற மரபுக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். கேள்வியின் முதல் வரியில், என்ன செய்ய வேண்டும், எந்தப் பக்கம் வேண்டும் என்ற விவரம் இருக்கும். பதிலின் முதல் வரியில் மூன்று இலக்க எண் ஒன்று வரும். 200 என்றால் 'இதோ'. 404 என்றால் 'இங்கே அப்படி ஒன்றும் இல்லை'. 500 என்றால் 'சமையலறையில் ஏதோ கோளாறு'. அதன்பின் சில தலைப்பு வரிகள், ஒரு வெற்று வரி, பிறகு உள்ளடக்கம். இவ்வளவுதான்.

இந்தச் சர்வருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அவருக்கு ஞாபகசக்தியே கிடையாது. இட்லி கேட்ட நீங்களே அடுத்து காப்பி கேட்டால், புதிதாய் வந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்! இக்குறையைப் போக்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுல்லி ஓர் உபாயம் செய்தார். முதன்முறை வரும்போதே கையில் ஒரு டோக்கன் கொடுத்துவிடுவது. அடுத்தடுத்த முறை அதைக் காட்டச் சொல்வது. 'குக்கி' என்று இன்று நாம் கேள்விப்படுவது இந்த டோக்கனைத்தான்.

மேஜை மேல் பிறந்த வலை

1989 மார்ச்சில், ஜெனிவா அருகிலுள்ள செர்ன் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ தம் மேலதிகாரிகளிடம் ஒரு திட்டம் கொடுத்தார். ஆராய்ச்சிக் குறிப்புகள் வெவ்வேறு கம்ப்யூட்டர்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று கோத்துப் படிக்க வழி வேண்டும் என்பதே அதன் சாரம். 1990 இறுதிக்குள் உலகின் முதல் வலைச் சர்வர் அவருடைய நெக்ஸ்ட் கம்ப்யூட்டரிலேயே இயங்கத் தொடங்கியது. 'இது ஒரு சர்வர். இதை அணைத்துவிடாதீர்கள்' என்ற பொருளில் கையால் எழுதிய சீட்டு ஒன்று அதன் மீது ஒட்டப்பட்டிருந்தது. உலகத்து வலை முழுவதும் அன்று அந்த ஒரு பொறியின் மின்விசையை நம்பியிருந்தது!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த முதல் சர்வர் ஒருவருடைய மேஜைக் கம்ப்யூட்டர்தான். அன்றைய எச்.டி.டி.பி.யில் கேள்வி ஒரே வரி, பதில் வெறும் பக்கம், எண்கள்கூடக் கிடையாது. கேட்பவரும் பதில் சொல்பவரும் ஏறத்தாழ ஒரே தகுதியில் இருந்தார்கள். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிறுவனம் இம்மென்பொருளை யாவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டது.

ஆனால் ஒரு குறை. இந்தச் சர்வர் ஏற்கெனவே எழுதி வைத்த பக்கத்தையே எடுத்துக் கொடுக்கும். அலமாரியில் அடுக்கிய பலகாரம் கிடைக்கும். கேட்டபின் தோசை வார்த்துத் தருவதற்கு ஆள் இல்லை. இன்றைய நீர்மட்டம், இப்போதைய ரயில் நேரம் போன்றவற்றுக்குச் சமையலறை வேண்டுமல்லவா?

சமையலறையும் அதன் சுமையும்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் என்.சி.எஸ்.ஏ. என்ற கம்ப்யூட்டர் மையம் இருந்தது. அங்கே ராப் மெக்கூல் என்ற மாணவர் எழுதிய சர்வர், 1993இல் சி.ஜி.ஐ. என்ற ஏற்பாட்டை வழக்கில் கொண்டு வந்தது. கேள்வி வந்ததும் சர்வர் தனியாக ஒரு செய்நிரலைத் தொடங்கும். அது கணக்கிட்டு எழுதித் தரும் விடையைச் சர்வர் வாடிக்கையாளரிடம் சேர்க்கும். வலைப்பக்கம் அப்போதுதான் உயிர் பெற்றது எனலாம்.

இம்முறையில் ஒரு விரயமும் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புதுச் செய்நிரல் தொடங்கி, வேலை முடிந்ததும் அழிந்துபோகும். ஒவ்வொரு தோசைக்கும் ஒரு சமையற்காரரை வேலைக்கு அமர்த்தி, தோசை வெந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்புவதைப் போல! கூட்டம் பெருகியபோது கம்ப்யூட்டர்கள் திணறின.

1994இல் மெக்கூல் அம்மையத்தை விட்டுச் சென்ற பின், அவருடைய சர்வரைப் பயன்படுத்தியவர்கள் தாங்களே திருத்தங்கள் செய்து பகிர்ந்துகொண்டார்கள். அதிலிருந்து 1995இல் பிறந்ததுதான் அப்பாச்சி சர்வர். 1996 ஏப்ரலுக்குள் உலகில் மிகுதியாகப் பயன்படும் சர்வராக அது ஆகிவிட்டது. பின்னர் வணிக நிறுவனங்கள் வலைக்கு வந்தன. வங்கிக் கணக்கு, டிக்கெட் பதிவு ஆகியவற்றுக்காக மிகப் பெரிய மென்பொருள் தொகுதிகள் எழுந்தன. அவற்றை நிறுவ ஒரு நாள். அமைப்புக் கோப்புகளைச் சரி செய்ய ஒரு வாரம். புரிந்துகொள்ள ஒரு வருடம்! பெரிய ஓட்டலுக்கு அவை தேவைதான். ஆனால் தெருமுனையில் நான்கு பேருக்குச் சுண்டல் விற்க நினைப்பவர் கல்யாண மண்டபத்தையா வாடகைக்கு எடுப்பார்?

சென்னைக்கு வந்த கம்பி

நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1986இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. அதன் தொடக்க நிலையங்களுள் கிண்டியிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று கிட்டியது. அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை நகரங்களில் சேவையைத் தொடங்கியது. டெலிபோன் கம்பியில் விநாடிக்குச் சுமார் 9,600 பிட் வேகம். பலருக்குக் கிடைத்தது எழுத்து மட்டுமே தெரியும் இணைப்பு. படம் பார்க்க அதிகக் கட்டணம்.

கிராமங்களுக்கு அதைக் கொண்டு செல்லச் சிறந்த முயற்சிகள் நடந்தன. 1998 முதல் சென்னை தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியின் வில்லியனூரை மையமாக வைத்துச் சில கிராமங்களை வானொலி அலைகளால் இணைத்தது. வீராம்பட்டினம் மீனவர்களுக்காக அமெரிக்கக் கடற்படையின் வலைப்பக்கத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் ஒலிபரப்பினார்கள்.

2001இல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் இன்னொரு திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் கம்பியில்லாத் தொடர்பின் மூலம் ஊர்களில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. தாலுகா அலுவலகத்துக்குச் சான்றிதழ் விண்ணப்பங்கள் அங்கிருந்து சென்றன. நோயாளியின் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற்றார்கள். எனினும், உள்ளூர் இளைஞர்கள் சொந்தப் பொறுப்பில் நடத்திய நிலையங்களில் பெரும்பாலானவை 2005க்குள் மூடப்பட்டுவிட்டன. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் கட்டுரைக்குப் பொருந்துவது: ஆதரவாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிச் சென்றதும், விண்ணப்பங்களுக்குப் பதில் வருவது தளர்ந்துபோயிற்று.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கேட்பதற்கு ஊரில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தால் மட்டும் போதாது. பதில் சொல்லும் பக்கமும் ஊருக்கு அருகில், ஊராரின் கைக்குள் இருக்க வேண்டும்.

நான்கெழுத்துக்குப் பதினெட்டு பைட்

பதில் சொல்லத் தமிழில் சொல்ல வேண்டுமே! அதற்கும் ஒரு தடை இருந்தது. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்கள் தமிழ்ப் பக்கங்களை இணையத்தில் ஏற்றினார். அதன்பின் பலரும் முனைந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவைப் பயன்படுத்தினார்கள். ஒரு பத்திரிகையைப் படிக்க ஓர் எழுத்துரு, இன்னொன்றுக்கு இன்னொன்று. எழுத்துரு இல்லாதவர் கண்ணுக்குக் கிறுக்கலே தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு ஒரு பொதுக் குறியேற்றத்தை நாடியது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

யூனிகோடு எண்களைக் கம்பியில் அனுப்பும் முறைக்கு யூ.டி.எஃப்.-8 என்று பெயர். 1992இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதியில் அமர்ந்து, தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் இதை வகுத்தார்கள். சர்வருக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு விடாது போலும்!

இம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் தேவை. 'படப்பை' என்ற சொல்லை எழுதிப் பாருங்கள். நம் கணக்கில் ப, ட, ப், பை என நான்கு எழுத்து. யூனிகோடு கணக்கில் ப, ட, ப, புள்ளி, ப, ஐகாரக் குறி என ஆறு. கம்பியில் போகும் பைட் கணக்கில் ஆறு மூன்று பதினெட்டு. எச்.டி.டி.பி. பதிலின் தலைப்பில் உள்ளடக்கத்தின் நீளத்தைச் சொல்வதுண்டு. அங்கே பைட் கணக்கைத்தான் தர வேண்டும். சர்வர் எழுதப் பழகுபவர் எழுத்தை எண்ணி 'நான்கு' என்று சொல்லிவிட்டால், பிரௌசர் நான்கு பைட்டுடன் நிறுத்திக்கொள்ளும். 'ப' மட்டும் முழுதாய் வரும். அடுத்த எழுத்து மூளியாகிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இப்பிழை கண்ணில் படவே படாது. ஏனெனில் அங்கே ஓரெழுத்துக்கு ஒரு பைட். தமிழில் எழுதுபவரே கண்டுபிடிக்கும் பிழை இது.

கையேந்தி பவன்கள்

சுமை மிகுந்த சர்வர்களுக்கு மாற்றம் இரு திசைகளிலிருந்து வந்தது.

முதலாவது, கூட்டத்தைச் சமாளிக்கும் முறை. ஒரே கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேருக்குப் பதில் சொல்ல இயலுமா என்ற கேள்வியை 1999இல் டான் கெகல் என்ற பொறியாளர் எழுப்பினார். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு சர்வர் என்று நிறுத்தினால், தோசை வேகும்வரை அவர் சும்மா நிற்பார். திறமையான சர்வர் அப்படிச் செய்வதில்லை. ஒரு மேஜையில் ஆர்டர் வாங்கி உள்ளே சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். தயாரானதும் மணியடித்தால் வந்து எடுத்துச் செல்வார். 2004இல் ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் சர்வரும், 2009இல் ரையன் டால் வெளியிட்ட நோட் என்ற ஏற்பாடும் இத்தத்துவத்தில் இயங்குபவை.

இரண்டாவது மாற்றம்தான் நமக்கு முக்கியம். முன்பெல்லாம் சர்வர் என்பது தனியான பெரிய மென்பொருள். நம் செய்நிரல் அதற்குள் குடியிருக்க வேண்டும். இதைத் தலைகீழாக்கினால் என்ன? நம் செய்நிரலுக்குள் சர்வரைக் குடியமர்த்தினால்? தேவையான பகுதிகளை மட்டும் ஒரு நூலகமாகக் கட்டி வைத்துவிட்டால், வேண்டும்போது எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே நூலகம் என்பது பிறர் எழுதிச் சோதித்து வைத்த செய்நிரல் துண்டுகளின் தொகுப்பு.

2007இல் ரூபி மொழிக்கு சினாட்ரா வந்தது. 2009இல் பைத்தான் மொழிக்கு ஜெர்மானியரான மார்செல் ஹெல்காம்ப் 'பாட்டில்' என்ற நூலகத்தைத் தந்தார். அது முழுவதும் ஒரே ஒரு கோப்பு! 2010 ஏப்ரல் முதல் தேதி ஆஸ்திரியாவின் ஆர்மின் ரோனாக்கர், இத்தகைய ஒற்றைக்கோப்பு நூலகங்களைக் கேலி செய்து முட்டாள்தின வேடிக்கையாக ஒன்றை வெளியிட்டார். மக்கள் அதை மெய்யாகவே விரும்பிக் கேட்டதால், அதே ஆண்டில் 'ஃபிளாஸ்க்' என்று ஒழுங்காகச் செய்து கொடுத்தார். உலகில் மிகுதியாகப் பயன்படும் சிறு நூலகங்களுள் ஒன்று ஒரு வேடிக்கையிலிருந்து பிறந்தது.

இவற்றை நான் கையேந்தி பவன்கள் என்பேன். மேஜை இல்லை, நாற்காலி இல்லை, குளிர்சாதனம் இல்லை. ஒரு தள்ளுவண்டி, ஓர் அடுப்பு, ஒரு கல். ஆனால் தோசை தோசைதான். 1990இன் மேஜைச் சர்வரின் எளிமை, இருபது ஆண்டுச் சுற்றுக்குப் பின் மீண்டும் நம் கைக்கு வந்துவிட்டது.

படப்பைக்கு ஒன்று செய்வோம்

இனி நாமே ஒன்று செய்து பார்ப்போம். படப்பை ஏரியின் நீர்மட்டத்தைக் கேட்டால் சொல்லும் சிறு வலைப்பயன்பாடு. வேண்டியவை ஒரு பழைய கம்ப்யூட்டர், விலையின்றிக் கிடைக்கும் பைத்தான் மொழி, மேற்கூறிய நூலகங்களுள் ஒன்று.

செய்நிரல் பத்துப் பதினைந்து வரிகளில் அடங்கும். முதல் வரியில் நூலகத்தை அழைக்கிறோம். அடுத்து ஒரு சிறு செயற்கூறு எழுதுகிறோம். அளவுகள் எழுதிய கோப்பைத் திறந்து, கடைசி வரியை எடுத்து, அதை ஒரு வாக்கியமாக்கித் தருவது அதன் வேலை. அதன் தலைமேல் ஒரு வரி: 'ஏரி' என்ற முகவரியைக் கேட்டு யார் வந்தாலும் இந்தச் செயற்கூற்றிடம் அனுப்பு. கடைசி வரி: 8080 என்ற எண்ணுள்ள வாசலில் காத்திரு. அவ்வளவே. கம்பியில் வரும் பைட்டுகளைப் படிப்பது, கேள்வியைப் பிரித்தறிவது, 200 அல்லது 404 என்று எண்ணிடுவது, நீளத்தைப் பைட் கணக்கில் சரியாகச் சொல்வது ஆகிய எல்லாவற்றையும் நூலகம் பார்த்துக்கொள்ளும். அதே வீட்டின் வைஃபையில் உள்ள எந்தக் கைப்பேசியிலிருந்தும் கேட்டுப் பாருங்கள், பதில் வரும்.

அளவை எழுதுவதற்கு இன்னொரு முகவரி வேண்டும். இங்கே ஒரு விதியை மறவாதீர்கள். எச்.டி.டி.பி.யில் 'கெட்' என்பது கேட்பதற்கு; 'போஸ்ட்' என்பது கொடுப்பதற்கு. 'கெட்' கேள்வியால் எதுவும் மாறக்கூடாது. 2005இல் கூகுள் நிறுவனம், பக்கத்திலுள்ள இணைப்புகளை முன்கூட்டியே கேட்டு வைக்கும் கருவி ஒன்றை வெளியிட்டது. சில தளங்களில் 'அழி' என்ற இணைப்பு 'கெட்' கேள்வியாக இருந்தது. கருவி அதையும் கேட்டது. பயனாளர்களின் குறிப்புகள் அழிந்தே போயின! விலைப்பட்டியலைப் பார்த்ததற்கே பில் போட்ட கதை இது.

ஏரிக்கரைக்கு நாள்தோறும் போய் அளக்க ஆள் இல்லையா? 2014 முதல் ஈ.எஸ்.பி.8266 என்ற சில்லு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம் செய்நிரலுக்கு அதில் சுமார் 80 கிலோபைட் நினைவகமே உண்டு. ஆயினும் அதுவே ஒரு சிறு எச்.டி.டி.பி. சர்வராக இயங்கும்! நீருக்கு மேல் ஒரு கம்பத்தில் மீயொலி உணர்கருவியுடன் இதைப் பொருத்தலாம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். நீர்ப்பரப்பு இரண்டு மீட்டர் கீழே இருந்தால், போய்வர நான்கு மீட்டர். எதிரொலி சுமார் 12 மில்லிசெகண்டில் திரும்பும். நீர் ஏற ஏற அந்த நேரம் குறையும். வௌவால் செய்யும் அதே கணக்குத்தான்.

செய்யக்கூடாதவை

எளிது என்பதால் அஜாக்கிரதை கூடாது. சில எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும்.

நூலகத்தோடு வரும் சோதனைச் சர்வரை அப்படியே உலகத்தின் முன் நிறுத்தாதீர்கள். அது பழகுவதற்கு மட்டும். முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு காவல்காரர் வேண்டும். நம் வீட்டு இணைப்புகள் பலவற்றில் பல வீடுகள் ஒரே இணைய எண்ணைப் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து நேரே உங்கள் கம்ப்யூட்டருக்கு வரவும் இயலாது. ஊருக்குப் பயன்பட வேண்டுமானால், மாத வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சிறு சர்வர் இடத்தில் வைப்பதே வழி.

அளவை எழுதும் வாசலுக்குப் பூட்டுப் போடுங்கள். பிறர் எழுதி அனுப்பும் எதையும் அப்படியே பக்கத்தில் காட்டாதீர்கள். சொல்லுக்குப் பதில் தீய செய்நிரலை அனுப்புவோரும் உண்டு. நல்ல நூலகங்கள் அதைச் சலித்துத் தரும் வழியையும் வைத்திருக்கின்றன.

இன்னொன்று. 2015 டிசம்பரில் பல இடங்களில் மின்சாரமும் போயிற்று, கைப்பேசித் தொடர்பும் போயிற்று. அந்நிலையில் எந்தச் சர்வரும் ஊமைதான். வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியை மறந்துவிடாதீர்கள். இணையம் தரும் செய்தியைக் கடைசித் தெருவுக்குக் கொண்டு சேர்ப்பது இன்றும் மனிதக் குரலே.

ஒரு பதிலின் விலை

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கையைக் கடைசிக்கு வைத்தேன். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு அளவுடனும் அதை எடுத்த நேரத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். 'ஏரியில் இன்னும் இரண்டடி பாக்கி' என்ற பதில் காலை ஆறு மணிக்கு உண்மை. அதே பதில் மாலை ஆறு மணிக்கும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால், அதை நம்பி ஒரு குடும்பம் வீட்டிலேயே தங்கிவிடக்கூடும். ஓட்டலில் சர்வர் நேற்றைய சட்னியைக் கொண்டு வந்தால் வயிறு கெடும். இங்கே உயிருக்கே ஆபத்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் அளவு வரவில்லையென்றால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும்படி செய்நிரலில் இரண்டு வரி சேருங்கள். எச்.டி.டி.பி.யிலேயே அதற்கு ஓர் எண் இருக்கிறது. 503 என்றால் 'தற்சமயம் சேவை தர இயலவில்லை' என்று பொருள். ஊகித்துச் சொல்வதைவிட நேர்மையான 503 எவ்வளவோ மேல். அணைத் திறப்பு, வெள்ள எச்சரிக்கை ஆகியவற்றுக்கு அரசின் அறிவிப்பே முடிவானது என்பதையும் பக்கத்தின் தலைப்பில் எழுதிவிடுங்கள்.

ஜெனிவாவில் ஒரு மேஜை மேல் தொடங்கிய கதை, பெரும் மண்டபங்களுக்குள் புகுந்து, மீண்டும் ஒரு மேஜைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இந்தச் சுற்றினால் நமக்கு என்ன லாபம்? இதுகாறும் நம் சிற்றூர்கள் இணையத்தில் பெரும்பாலும் கேட்பவர்களாகவே இருந்தன. ஆனால் படப்பை ஏரியின் கலங்கலில் இந்த நிமிடம் தண்ணீர் வழிகிறதா என்பது கலிபோர்னியாவுக்குத் தெரியாது, டில்லிக்கும் தெரியாது, படப்பைக்குத்தான் தெரியும். தெரிந்தவர் பதில் சொல்ல வேண்டும் என்பதே இயல்பு.

உங்கள் ஊரில் ஏரி இல்லையென்றாலும் கவலையில்லை. ரத்ததானம் செய்வோர் பட்டியலோ, ஊர்ப்புற நூலகத்தின் புத்தகப் பட்டியலோ, கடைசி பஸ் போய்விட்டதா என்ற செய்தியோ, ஏதேனும் ஒன்று உங்களிடம் மட்டுமே இருக்கும். இந்த விடுமுறையில் நண்பர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு அதற்கு ஒரு சிறு சர்வர் எழுதிப் பாருங்கள். முதல் கேள்விக்குப் பதினெட்டு பைட்டும் குறையாமல் 'படப்பை' என்று பதில் போய்ச் சேர்ந்ததும், அந்தக் கம்ப்யூட்டரின் மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்: 'இது சர்வர், தயவுசெய்து அணைக்காதீர்கள்'.